உள்ளேன்

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பதை
அவன் நம்பவே இல்லை.
ஃபஹாஹீலில் வாரம் அப்படித்தான் தொடங்கும்.
காலரில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டோடு
மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில்
ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி அச்சடித்த பட்டியல்.
'சுடலைமுத்து' என்றேன்.
சட்டென்று வாசலைப் பார்த்தான்.
மறுபடியும் 'சுடலைமுத்து.'
எழுந்து, கழுத்தை நீட்டி,
நடைவழியில் அப்பாவைத் தேடினான்.

ஊரில் ஒற்றை எழுத்தாக முன்னால் நடக்கும் தகப்பனார்
இங்கே முழுப்பெயராக வந்து
பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.
எனக்குத் தெரியாததா?
என் சிவில் ஐடியிலும் அப்பா இருக்கிறார்,
செத்து ஒன்பது வருடமாக
எல்லா வரிசைகளிலும் என்னோடு நின்றுகொண்டு.

பேனாவால் திருத்தி
'இளம்பரிதி' என்றேன்.
'உள்ளேன் டீச்சர்!'

வகுப்பு சிரித்தது.
குஜராத், கோவா, கோட்டயம்,
சிரிப்பு மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி.
சுவரில் 'ஆங்கிலம் மட்டும்' என்று பலகை,
மாட்டியது நான்தான்.
'ப்ரெசன்ட் மிஸ்' என்று சொல்ல வேண்டும் என
ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்தேன்.
அதன்பின் பதினொரு நாள்
கையை மட்டும் தூக்கினான்.

என் தவறு அது.
இன்னொருவர் தலையில் கட்ட வழியில்லை.

பன்னிரண்டாம் நாள் தூசிப் புயல்.
மைதானத்தைக் காணோம்.
இடைவேளைக்கு யாரையும் வெளியே விடவில்லை.
அரபி டீச்சர் இஹ்சான் பாபிகர், சூடான்காரி,
அவன் மேஜையோரம் வந்து பெயர் கேட்டார்.
கையைத் தூக்கினான்.
அவரும் தன் கையைத் தூக்கினார்.
'ஹாதிர்' என்றார்.
'எங்கள் பள்ளியில் இப்படித்தான் சொல்வோம்.'

'எங்க தாத்தா ஹாஜர்னு சொல்வார்'
என்றான் குஜராத்திப் பையன், அவனுடைய ஆங்கிலத்தில்.
விடைத்தாள் கட்டிலிருந்து நான் நிமிர்ந்தேன்.
கோர்ட்டுச் செய்தியில் தினம் படிக்கிற வார்த்தையல்லவா!
'ஆஜர்' என்றேன்,
தமிழில், அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று.

இவளுக்கும் தெரியுமா என்பதுபோல்
இளம்பரிதி என்னைப் பார்த்தான்.
பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.
வக்கீல். இஹ்சான் தலையாட்டினார்.
பாக்கி. ஆட்டினார்.
மைதானம். ஜன்னலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.
வசூல்.
'விமானம் விட்டு இறங்கினாயே,
அங்கே பலகையில் எழுதியிருப்பது அதுதான்.
வுஸூல். வந்து சேருதல்.'
பரோட்டா, என்றான்.
அது இல்லை, என்றார்.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.
டப்பா மூடியை நிமிர்த்தி மறைத்துக்கொண்டுதான்
இன்னமும் சாப்பிடுகிறான்.
ஆங்கிலக் கட்டுரையில் பத்துக்கு மூன்று.
பலகையையும் நான் கழற்றவில்லை,
சூப்பர்வைசர் வருவார்.
வியாழக்கிழமை மட்டும்
அவரவர் வீட்டு வார்த்தையில் பதில் சொல்லலாம்
என்று விட்டிருக்கிறேன்.

நேற்று பெற்றோர் கூட்டம்.
மீனா அப்துல்லாவில் இரவு ஷிப்ட் முடித்து
கவரால் மாற்றாமல் வந்த ஒருவர்
குட்டி நாற்காலியில், முழங்கால் மார்பில் இடிக்க,
தூங்கிப்போயிருந்தார்.
என் கையில் அந்தப் பழைய பட்டியல்.
'சுடலைமுத்து' என்றேன்.
திடுக்கிட்டு எழுந்து கைகட்டி நின்றார்.
'உள்ளேன் டீச்சர்.'

பின்னால் ஒரே ஒருவன் சிரித்தான்.
அவனுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று
நேற்றுவரை எனக்குத் தெரியாது.