குயில் குரல்: ஷின் யீ

மூன்று நிமிடம், ஓர் ஓசை.
இதுதான் பணி. இருவர் இருவராக.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தவள் ஷின் யீ.
அந்தத் தவணை முழுக்க அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம்
இந்த நாற்காலியில் யாராவது வருகிறார்களா.

குயில், என்றேன்.
புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குக்கு எதிரே
அங்சானா மரத்தில் ஒன்று இருக்கிறது.
ஐந்தேகாலுக்குத் தொடங்கும்.
என் மொழியில் அதற்கு ஈராயிரம் ஆண்டு மரியாதை.
எங்கள் மின்தூக்கி அருகே ஒட்டிய தாளில்
நகர மன்றத்துக்குப் போன புகார்கள் பதினேழு.

நல்ல சண்டை, என்றாள் ஷின் யீ.
எடுத்துவிடலாம்.

முதல் நாள் மழை.
இரண்டாம் நாள் குயில் எழுந்தது, கேமரா எழவில்லை.
பேட்டரியை மின்னேற்ற மறந்தவள் அவள்.
பரவாயில்லை என்றேன்,
பரவாயில்லாதவர்கள் சொல்லும் குரலில்.
மூன்றாம் நாள்
இலைக்குள் கறுப்பாய் ஒரு வால், திரும்பிய தலை,
எங்களையே பார்த்த ஒரு சிவப்புக் கண்.
நாற்பது நொடி.
மூச்சுக்கூட விடவில்லை நாங்கள்.

அன்று மாலை பேருந்தில்
அனைத்தையும் அழிக்கவா என்று கேமரா கேட்டது.
தூக்கக் கலக்கம்.
ஆம் என்றேன்.

அதை அவளுக்கு எழுதி முடிக்க
ஏழு நிறுத்தங்கள் ஆயின.
இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.
அதற்குமேல் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் உணவங்காடியில்
ஆறிப்போன தே-ஓவைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:
உன் தவறு என்று ஒத்துக்கொள்வதற்குக்கூட
நீ ஒரு பாராட்டை எதிர்பார்க்கிறாய்.
எனக்கு இதில் உதவித்தொகை இருக்கிறது.
எனக்குத் தெரியாது.
நான் கேட்டதும் இல்லை.

நாலாம் நாள்
நெகிழிக்கூம்புகள், கயிறு, மரம் அறுக்கும் இயந்திரம்.
பதினேழு புகாருக்கும் ஒரே பதில்.
சாயங்காலம் மரம்
புதிதாய் முடிவெட்டிய பையனைப்போல நின்றது.
குயில் இல்லை.

வெள்ளி. கடைசி நாள்.
ஐந்து மணிக்கு எதற்குக் கீழே இறங்கினேன் என்று தெரியவில்லை.
வெற்றுத்தளத்தில் கல்மேசை அருகே அவள்,
குடுவையில் மைலோ, இரண்டு கோப்பை.
இரண்டாவது எனக்குத்தானா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.
ஐந்தேகால் ஆனது. ஒன்றுமில்லை.
ஐந்து இருபது.
ஷின் யீ எழுந்தாள்,
மொட்டை மரத்தடியில் போய் நின்றாள்,
இரண்டு கையையும் வாயில் குவித்தாள்,
கூவினாள்.

ஒரு படி மேலே. இன்னொரு படி மேலே.
நாற்காலி கேட்டதைத் தவிர நான் கேட்டிராத தொண்டை அது.

மூன்றாம் மாடியில் விளக்கு.
ஆறாம் மாடியில் இரண்டு.
ஒன்பதாம் மாடிச் சன்னல் படீரென்று திறந்து
ஒருவர் மூன்று மொழிகளில் திட்டினார்.
என் விரல் இந்த முறை சரியான பொத்தானில் இருந்தது.
அவர் ஓய்ந்த பிறகு
பலமாடி வாகன நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து
எங்கோ, சின்னதாக,
பதில் வந்தது.

அனுமதிப் படிவத்தோடு ஒன்பதாம் மாடிக்குப் போனோம்.
திரு. குவெக், கட்டம்போட்ட அரைக்கால்சட்டை.
கையெழுத்துப் போடுகிறேன், என்றார்,
மூங்கில் கழியில் காயும் துணிகள் தெரியக் கூடாது.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்,
நிஜக் குயில் எங்கே போனது?
இன்று நீங்கள் கத்தியிராவிட்டால்
இன்றைக்கும் வேலைக்குத் தாமதமாகியிருப்பேன்.
பதினேழில் மூன்று புகார் அவருடையது.

பதினொன்று ஐம்பத்தாறுக்குப் பதிவேற்றினோம்.
இருட்டுக் கட்டடம், ஒவ்வொன்றாய் விழிக்கும் சன்னல்கள்.
பறவை எங்கே என்று விரிவுரையாளர் கேட்டார்.
பி கொடுத்தார், கூட்டல் குறி இல்லை.
உதவித்தொகைக்கு அது போதுமா என்று கேட்டேன்.
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், என்றாள்.

இறுதிப் பெயர்ப் பட்டியலில்
யார் பெயர் முதலில் என்று அரை மணி நேரம் சண்டை.
அவளுக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்த்தேன்.
கார்டை இப்போது அவள்தான் வைத்திருக்கிறாள்,
என் கைக்கு எட்டாத பையில்.