கழிவு: வால்

ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் போகிற சாலையில்
வரிச்சாவடி மூடி ஏழு வருஷம்.
குறுக்குக் கம்பம் இல்லை, அதைத் தூக்குகிற ஆள் இல்லை,
தாங்குசுவர் மட்டும் நின்றது.
அறுபத்தொரு மீட்டர் நீளம், சராசரி உயரம் இரண்டு நாற்பது.
கட்டும்போதே அளந்தவன் நான்.
லாரி நிறுத்திய அத்தனை ஆண்களும்
இரண்டு மொழியிலும் அதன்மேல் மூத்திரம் பெய்தார்கள்.

ஆணை வந்தது: விழிப்புணர்வு ஓவியம்.
பொருள்: மழைநீர் சேகரிப்பு.
சதுர மீட்டருக்கு நானூற்றைம்பது, வரி தனி.
குடம், குழாய், சிரிக்கிற மேகம் என்று
மாதிரிப் படமும் இணைத்திருந்தார்கள்.

சத்தியவேட்டிலிருந்து கோமலா வந்தாள்.
சாரம் கட்ட முனிரத்தினம்.
இறக்கிய வாளிகளில் பாதிக்கு மேல் கறுப்பு.
மேகம் எங்கே என்றேன்.
"மொதல்ல தண்ணிக்குள்ள இருக்கறது வரட்டும் சார்,
மேகம் பின்னாடியே வரும்."

ஒரே உடம்பு.
சுவர் நீளத்துக்கும் ஒரு விலாங்கு.
அவள் அதை மலுகு என்றாள்.
ஆரணியாற்றில் மணல் இருந்த காலத்தில் இருந்ததாம்.
நான் பார்த்ததில்லை.
நான் பார்த்தது லாரி.

கண்ணை அவள் வரையவில்லை.
கசிவுத் துளை ஒன்றைச் சுற்றி
மஞ்சளில் ஒரு வளையம், அவ்வளவுதான்.
ஒன்றரை மீட்டருக்கு ஒரு துளை வேண்டுமென்று
மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று வைத்தவன் நான்.
அரை சதுர மீட்டருக்குக் குறைந்த திறப்புக்குக்
கழிவு கிடையாது என்பது விதி.
ஆக, கண்ணுக்கும் காசு கொடுத்தேன்.

வினை வாலில் வந்தது.
எல்லைக் கல்லைத் தாண்டி
அந்த மாநிலத்துச் சுவரில் மூன்றடி ஏழங்குலம்.
தணிக்கைக்காரன் கேட்பான், அனுமதி எங்கே என்று.
"வாலுக்குக் காசு வேணாம் சார்.
வாலு இல்லாம அது எப்படித் திரும்பும்?"
அளவுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.
படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு நடந்தது எந்தத் திட்டத்திலும் இல்லை.
மூத்திரக்காரர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள்;
அந்தக் கண் பார்க்கிறதாம்.
செவுளுக்குப் பக்கத்தில் எஸ்தரின் இட்லிக் கடை வந்தது.
புத்தூர் பஸ்ஸில் "மலுகு, மலுகு" என்று கூவினார்கள்,
நம் பஸ்ஸில் "விலாங்கெல்லாம் எறங்கு".
டிக்கெட்டில் இன்னும் செக்போஸ்ட்.
மாநாட்டுக்குப் போஸ்டர் ஒட்டினார்கள்.
மறுநாள் காலை துளை இருந்த இடத்தில் மட்டும்
யாரோ வட்டமாகக் கிழித்திருந்தார்கள்.
போனது தலைவரின் நெற்றி.

ஐப்பசியில் சுவரின் முதுகில் தண்ணீர் ஏறியது.
குடையோடு போய்ப் பார்த்தேன்.
துளைகள் எல்லாம் ஒழுகின, கண்ணும்.
அழுவுது பாருங்க, என்றாள் எஸ்தர்.
சுவர் ஒழுங்காக வேலை செய்கிறது, என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
சட்னிக்குத் தாளித்தாள்.

தை பிறந்ததும் அந்தப் பக்கத்துக்காரர்கள்
தங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.
எல்லைக் கல்லோடு அரிந்து வைத்த துண்டமாக
நின்றது விலாங்கு,
எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் வெள்ளைமேல் கரி.
கோமலாவின் கை இல்லை, அவள் கோடு நடுங்காது.
மூன்று நான்கு கைகள் இருக்கலாம்.
ஒன்று தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் எட்டவில்லை.
வால் தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து,
ஓர் இடத்தில் வழி மறந்து
குழாயடி வரை போயிருந்தது.

டேப்பை இழுத்தேன்.
முனையை எஸ்தரின் மகன் ஓடி வந்து பிடித்தான்.
பதினேழடி இரண்டங்குலம்.
பழக்கத்தில் பையைத் துழாவினேன்.
இதை எழுதும் பக்கம்
எந்த அரசாங்கத்தின் புத்தகத்திலும் இல்லை.
"எவ்ளோ சார்?" என்றான்.
சொன்னேன்.

டேப்பைச் சுருட்டும்போது பார்த்தேன்,
அவன் பிடித்திருந்த முனையில்
கரி.