நாளை காலை ஆறு மணிக்கு

ஐப்பசி பதினொன்று, இரவு ஒன்பது நாற்பது.
கொள்முதல் நிலையத் தகரக் கொட்டகையில்
தராசில் முதுகைச் சாய்த்துக்கொண்டு
இருபத்து மூன்று பேருக்கு
ஒரே விரலால் அனுப்பினேன்:
"நாளை காலை ஆறு மணிக்கு உங்கள் முறை.
நெல்லோடு வரவும். மழை இருக்கிறது."

இருபத்திரண்டு பேருக்கு இரண்டு டிக்.
முள்ளியாற்றுக்கு அந்தப் பக்கம்
செண்பகவல்லிக்கு மட்டும் ஒன்று.

ஒன்று என்றால் என் கையை விட்டுப் போயிற்று,
அவள் கைக்குப் போகவில்லை.
நடுவில் எங்கே நிற்கிறதென்று கேட்காதீர்கள்.
மேட்டூரில் திறந்தாயிற்று என்று செய்தி வாசித்துப்
பத்து நாள் ஆன பிறகும்
எங்கள் கடைமடையில் வாய்க்கால் வெடித்துக் கிடக்குமே,
அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ
அங்கே.

காரணம் பெரிதில்லை.
போன் கம்பெனிக்கு மாதம் இருபத்தெட்டு நாள்.
அவளுடைய மாதம்
அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய அன்று முடிந்திருந்தது.
மிஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த கை
நெட்டுக்கென்று எதை எடுத்து வைக்கும்?

கூப்பிட்டிருக்கலாம்.
ரிங் போகும், நெட்டுதான் இல்லை, எனக்குத் தெரியும்.
"அம்மா, காலையில வந்துடுங்க."
நாலு நொடி.
ஆனால் மேலாளர் கேட்பது
அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்.
எடுத்தேன், போட்டேன்.
அவருக்கு இரண்டு டிக், உடனே நீலம்.
பரோட்டா ஆறுவதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் சணல், சாக்கு, சுணை, தும்மல்.
சுமைதூக்கும் சேப்பான் கேட்டார்:
"இருபத்து மூணாவது ஆளு எங்க சார்?"
"தகவல் போயிடுச்சு" என்றேன்.
போயிருந்தது. பொய்யில்லை.

அன்று சாயங்காலம் ஏழேகாலுக்கு
அந்த ஒன்று இரண்டானது.
கடைத்தெருவில் ஒரு பாலிடெக்னிக் பையன்
தன் நெட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு
அவள் பக்கத்தில் நின்றானாம்.
பஸ் வந்தது, ஏறிவிட்டான்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள்
ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது
லோடு ஆட்டோவில் அவள்.
மூட்டைகளின் மேல் கிழிந்த தார்ப்பாய்,
அதன் மேல் இரண்டு புடவை,
அதற்கும் மேல் யாருடைய காதுகுத்துக்கோ அடித்த
பிளக்ஸ் பேனர்; குழந்தை சிரித்தபடி நனைந்திருந்தது.
"நாளைக்கு ஆறு மணின்னு போட்டிருந்தீங்களே,
நேரத்துக்கு வந்துட்டேன் சார்."

வந்துவிட்டாள்தான்.
நான் எழுதிய வார்த்தையில் ஓரெழுத்து பிசகாமல்.

ஈரமானி இருபத்தொன்று காட்டியது.
பதினேழுக்கு மேல் என் பேனா ஓடாது.
அதை அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பதை
விட்டுவிடுகிறேன்.

மன்னார்குடி சாலையில் பாதியை அடைத்து
நெல்லைப் பரப்பினாள்.
மதியம் செருப்பைக் கழற்றிவிட்டு
நானும் காலால் கிளறினேன்.
யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவில்லை.
பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.
ஓரத்து நெல்லில் எறும்பு முட்டையாக
வெள்ளை முளை.

மூன்றாம் நாள் பதினேழுக்கு இறங்கியது.
பதினெட்டு மூட்டை எழுதினேன்.
ஆறு கழிந்தது.

பிறகு எட்டு நாளோ, ஒன்பது நாளோ.
அவள் கணக்கில் பணம் ஏறியிருக்கும்,
அவளுக்கு மாதம் திரும்பப் பிறந்திருக்கும்.
இரவு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது
என் போன் ஒருமுறை துடித்தது.
அந்தப் பையன் பஸ் ஏறிய பிறகு அவள் தட்டி,
அவள் போனுக்குள்ளேயே
குட்டிக் கடிகாரத்தோடு கிடந்த பதில்:

"சரிங்க சார் நாளைக்கு வந்துடுறேன்
சொன்னதுக்கு நன்றி"