ஆட்டம்

செவ்வாய்க்கிழமை. டர்பனில் மழை.
கடைக்குள் நான், ஒரு பையன்,
கண்ணாடிக்குப் பின்னால் இருநூறு ரீல்கள்.

"அங்கிளுக்கா ஆன்ட்டி?"
சட்டையில் நிவாஷன் என்று பெயர்ப்பட்டை.
ஆமாம் என்றால் பத்து நிமிடத்தில் வெளியே போய்விடலாம்.
எனக்குத்தான் என்றேன்.
குனிந்து கீழ்த்தட்டிலிருந்து
ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்.

பதிமூன்று பேரிங் என்கிறது பெட்டி.
பெட்டிக்கு என்ன, எதையும் சொல்லும்.
நாலே நாலு இருக்கட்டும்,
கடல்தண்ணீர் குடித்தும் சாகாத நாலு.

கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தேன்
விழப்போகும் பல்லை நாக்கால் தள்ளுவதுபோல.
ஆடியது.
கடையிலேயே இந்த ஆட்டம் என்றால்
கடலில் கரகம்.
அடுத்தது.

வேகமாகச் சுற்றிக் காட்டினான் பையன்.
வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வெண்ணெய்தான்.
வாங்கி, மெதுவாக,
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
எதையோ உருவுவதுபோல மெதுவாகச் சுற்றினேன்.
எங்கோ ஒரு பல்லில் மணல் கடித்தது.
புதுசு ஆன்ட்டி, மணலே பார்க்காதது என்றான்.
மணல் இல்லாமலே நெறநெறக்கிறது,
மணல் போனால்?

பதினெட்டு வருஷம் ஜேக்கப்ஸ் பக்கம்
சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தேன்.
நூல் அறுவதற்கு முன்
மெஷின் ஒரு மூச்சை இழுக்கும், அது என் காதுக்குத் தெரியும்.
பாபினும் ஸ்பூலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
நூலை இறுக்குகிற திருகை
இங்கே டிராக் என்கிறார்கள்,
அவ்வளவுதான்.

போன ஜூலை, ப்ளூ லகூன், ராத்திரி ஒன்பதரை.
என் பழைய ரீலின் டிராக் திக்குவாய்.
காப் மீன் ஒரே இழுப்பு.
விடு என்று நான் கெஞ்ச, அது பிடித்துக்கொள்ள,
சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்குத்தான் சத்தம்.
பிறகு தடி லேசாகிவிட்டது.
மீனை நான் பார்க்கவே இல்லை.
அதனால் அது இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவதில் நூல் சுற்றச் சொன்னேன்.
முனையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போ என்றேன்.
நானா?
நீதான் மீன்.

சிரித்துக்கொண்டே நடந்தான். வழுக்கிக்கொண்டு போனது நூல்.
திடீரென்று ஓடு என்றேன், ஓடினான்,
கதவைத் தாண்டி, மழையைத் தாண்டி,
டாக்ஸிக்கு நின்றவர்களை விலக்கிக்கொண்டு.
முதல் அசைவிலும் திக்கவில்லை,
கடைசி அசைவிலும் திக்கவில்லை.
திருகைக் கால் சுற்று முடுக்கினேன்.
தெருவில் பையன் நின்றான்.
நனைந்த முகத்தில்
மாட்டிக்கொண்டதன் மரியாதை.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
தைப்பூசக் கடையில் வாங்கிய மயில்,
ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்திருப்பது.
திருகாணிகளில் ஒன்றில்கூட மயில் உட்காரவில்லை.
காந்தம் முழு உண்மையும் சொல்லாது, தெரியும்.
உப்புதான் சொல்லும்,
சொல்ல அது இரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளும்.
அதற்குள் ரசீது மங்கிவிடும்.

பெயில் ஸ்பிரிங் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா?
இதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று
தலையைத் துவட்டியபடி உள்ளே போனான்.
திரும்பி வரும்போது விரல்நுனியில்
கொசு மாதிரி ஒரு ஸ்பிரிங்.
காசு வேண்டாம் என்றான்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது ராண்ட்.
பழுப்பு நிறம், அழகில்லை.
அடிப்பக்கம் ஒரு கீறல், அதற்கு அறுபது குறைத்தேன்.

பையில் போட்டுக் கொடுக்கும்போது கேட்டான்,
இப்போதெல்லாம் எங்கே போடுறீங்க ஆன்ட்டி,
அந்த காப் எந்தப் பக்கம்?

அத்தனையும் வாயாடியவள்
அதற்கு மட்டும்
மழை விட்டுவிட்டது போலிருக்கிறதே என்றேன்.

விடவில்லை.