இருபது கிராம் கூடுதல்

பத்தொன்பது ஆண்டுகள்
டன் கணக்கில் மட்டுமே பேசியவள் நான்.
செம்பனை மில் வாசலில் எடைமேடை,
அதன் ஓரம் ஒரு கண்ணாடி அறை,
அதற்குள் ஒரு மின்விசிறி, ஒரு பல்லி, நான்.

லோரி ஏறும். எண் ஓடும். நிற்கும்.
"இறங்குங்க சன்னாசி அண்ணே,
உங்க தொப்பையையும் பழக்குலைன்னு
கணக்குல சேர்க்க முடியாது."
முனகிக்கொண்டே இறங்குவார்.
எண்பது கிலோ குறையும்.
சில தீபாவளிகள் கழித்து, தொண்ணூறு.
அவர் மனைவிக்கும் தெரியாத கணக்கு அது,
இன்றுவரை நான் வெளியே விட்டதில்லை.

சித்திரை பிறந்த வாரம் புதுத் தராசு வந்தது.
லோரி எண்ணைக் கேமராவே படிக்கிறது,
சீட்டைத் தானே துப்புகிறது,
யாரையும் இறங்கச் சொல்வதில்லை.
மேனேஜர் எனக்கொரு சுவர்க்கடிகாரம் தந்தார்.
வேலை இல்லாதவளுக்கு எதற்கு மணி என்று
நாலாம் நாள் அதுவும் நின்றுபோனது.
(பேட்டரிதான். நான் மாற்றவில்லை.)

ஒரு மாதம் வீட்டில் இருந்தேன்.
கை சும்மா இருந்தாலும் கண் நிறுத்துக்கொண்டே இருந்தது.
பக்கத்து வீட்டுப் பூனை, மூன்றரைக் கிலோ.
கொடியில் கிடந்த துணி, மழைக்கு முன் நாலு,
மழைக்குப் பின் ஒன்பது.
"அடுத்து என்ன செய்யப் போற?" என்று
வீட்டுக்காரர் கேட்காமல் விழுங்கிய கேள்வி,
ஏறக்குறைய ஒரு லோரி.

பீடோர் டவுனில்
பல் டாக்டருக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
பார்சல் கடையில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள்.
முதலாளி ஃபாத்தின், வயது இருபத்தாறு.
"அனுபவம் இருக்கா, காக்?" என்றாள்.
மலாயில் அது அக்கா.
தமிழ்க் காதுக்கு எப்போதும் பாதிக் காக்கை.
"நிறுக்கத் தெரியும்."
"எவ்வளவு வரைக்கும்?"
"நாற்பது டன்."
அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
வேலை கிடைத்துவிட்டது.

இந்தத் தராசு என் சோற்றுத்தட்டைவிடச் சின்னது.
பெருமூச்சு விட்டால் எண் ஆடுகிறது.
முதல் நாள் முழுக்க என் வளையலும்
ஒவ்வொரு பார்சலோடும் சேர்ந்து
பினாங்குக்குக் காசு கட்டியது.
எங்கள் ஊரிலிருந்து போவது ஊறுகாய்,
நகல் எடுத்த சான்றிதழ், குலதெய்வத்துத் திருநீறு.
வருவது செருப்பு.
திரும்பிப் போவதும் அதே செருப்பு, அளவு சரியில்லாமல்.

நாற்பத்தாறில் புது ஆளாக இருப்பது
பாதி வெட்கம், பாதி காற்றோட்டம்.
டேப்பின் நுனி எங்கே இருக்கிறதென்று
நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவுகிறேன்.
வரிசை பொறுமையாக நிற்கிறது.
அகப்பட்டதும் சர்ரென்று ஒரு சத்தம்,
பல் டாக்டர் வாசலில் காத்திருப்பவர்கள்கூடத்
துள்ளி விழுகிறார்கள்.

நேற்று சன்னாசி அண்ணன் வந்தார்.
ஜொகூரில் இருக்கும் மகளுக்கு முறுக்கு.
தராசில் வைத்தார்.
ஒரு கிலோ, இருபது கிராம்.
"கிலோவைத் தாண்டிட்டா மூணு வெள்ளி கூட, அண்ணே."
தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.
"நான்தான் மேல ஏறலையே, தவமலரு!"

பெட்டியைப் பிரித்தோம்.
அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று,
ஃபாத்தினுக்குப் பாதி,
ஓமம் பல்லில் சிக்கியதால் மீதியை உள்ளே வைத்துவிட்டாள்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
மூவரும் தலையாட்டிக்கொண்டோம்.
மூடி, நுனி தேடி, சர்ரென்று டேப் ஒட்டி
மறுபடி வைத்தேன்.
ஆயிரத்து மூன்று.

ஃபாத்தின் கத்தரிக்கோலை எடுத்தாள்,
மீதிப் பாதிக்கு.