துப்பு

ஆஸ்பத்திரிச் சீட்டில் நான் டோ சான் சான் யி.
தாம்வே முச்சந்தியில் வெற்றிலைக்கடை பேச்சி.
இருபத்தாறு வருஷம் சுண்ணாம்பு தடவிய விரல்
குளித்தாலும் வெள்ளைதான்.
யாங்கோன் சுவர்களில், படிக்கட்டு மூலைகளில்,
பஸ் சக்கரங்களில் காய்ந்திருக்கும் சிவப்பில்
என் பங்கும் உண்டு.

அதனால்தான் தெரியாமல் போயிற்று.
காலையில் காறித் துப்பினால் இரத்தம்.
ராத்திரிப் பாக்கு என்று நினைத்து
ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு
கடை திறக்கப் போனேன்.
இடது காது அடைத்தது, எண்ணெய் விட்டேன்.
கழுத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி,
மழை ஓய்வதற்குள் கொட்டைப்பாக்கு ஆகியிருந்தது.

வெற்றிலையாலா என்று கேட்டேன்.
இது வேறு, என்றாள் டாக்டர்,
மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இருட்டில்.
நாலாம் கட்டம் என்பதை
பர்மியில் மெதுவாகச் சொன்னாள்.
அதைவிட மெதுவாகத் தமிழில்
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கதிர் வைக்குமுன் ஐந்து பல் பிடுங்கினார்கள்.
தட்டில் விழுந்தபோது
சீவிய பாக்கு விழும் அதே சத்தம்.

பிறகு அந்த வலை.
வெந்நீரில் துவண்ட பிளாஸ்டிக்கை
ஈரத்தோடு முகத்தில் அழுத்தினார்கள்.
ஆறியதும் அது நானாகிவிட்டது,
சப்பை மூக்கு, துருத்திய தாடை எல்லாம்.
பெயர் எழுதி ஆணியில் மாட்டினார்கள்.
அந்தச் சுவரில் ஏற்கெனவே முப்பது பேர்
கண் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொத்தம் முப்பத்தைந்து தடவை.
பதினொன்றாம் தடவை, பாதியில், கரண்ட் போயிற்று.
மேஜையோடு பூட்டிய தலை.
கத்த வாய் திறக்காது.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
யாரோ வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மூன்றாம் வாரம் எச்சில்
கஞ்சிப் பசையானது, நூலாக இழுத்தது,
ஒருநாள் அந்த நூலும் அறுந்தது.
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
சொல்லை உரித்து எடுக்க வேண்டியிருந்தது.
வாயெல்லாம் புண். சோறு மணல்.
கழுத்துத் தோல் சுட்ட கத்தரிக்காய்.
மூக்கு வழியே ஒரு குழாய், அதில் பால்.
காதுக்குள் ஓயாமல் ஒரு கெட்டில் கொதிக்கிறது,
யாரும் இறக்கி வைப்பதில்லை.

எச்சில் கை, எச்சில் இலை, எச்சில் பிழைப்பு
என்று எவ்வளவு இளப்பமாகச் சொல்கிறோம்.
ஒருநாள் அது இல்லாமல் இருந்து பாருங்கள்.

ஆறாம் வாரம் மச்சாண்டார் குழந்தையப்பன் வந்தார்,
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு.
(ஆரஞ்சு! இந்த வாய்க்கு!)
கடையை இனி யார் பார்ப்பது,
இடத்தை என் பேருக்கு மாற்றிவிடு,
உனக்கு அதற்கெல்லாம் இனித் துப்பு இல்லை, என்றார்.

துப்பத்தான் நினைத்தேன்.
ஊருக்கே துப்பல் விற்றவளுக்கு
அந்த நேரம் ஒரு பொட்டு ஊறவில்லை.
மகள் தீரிதான் டம்ளரை நீட்டினாள்.
உப்பும் சோடாவும் கலந்த தண்ணீர்,
நாளுக்கு எட்டுத் தடவை கொப்பளிக்க வேண்டியது.
நிதானமாக வாய் நிறைத்தேன்.
வலது கன்னம், இடது கன்னம்.
அவருடைய புதுச் செருப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி,
குறி தப்பாமல்.

இளஞ்சிவப்பாகத்தான் விழுந்தது.

இப்போது கடையில் இருக்கிறேன்.
சுண்ணாம்பு கூடியதா குறைந்ததா
வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.
மடியில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல்.
புண் ஆறிய தாடை இறுகாமல் இருக்க
ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைக்கச் சொன்னார்கள்.
கூட்டம் இல்லாத மத்தியானங்களில்
தெருவுக்கு முதுகு காட்டி வைத்துக்கொள்கிறேன்.

நேற்று பன்னிரண்டு குச்சி.
இன்று பதின்மூன்றாவது நுழைந்து,
வலித்து,
நின்றது.