குழி எண் ஏழு

சனிக்கிழமை, தூறல்.
டென்சில் வீட்டுப் புல்தரையில்
மீட்டருக்கு மீட்டர் கயிறு கட்டினோம்.
கார்ன்வால் மண்
கரண்டியை விடாது.

முதல் பத்து சென்டிமீட்டர்:
பாட்டில் மூடி, பொம்மைச் சிப்பாயின் கால்.
அடுத்த பத்தில் புகைக்குழாய்த் தண்டு,
நீலக் கோடிட்ட பீங்கான் சில்லு.
லவெடே அதைப் பல் பிரஷால் தேய்த்தாள்,
நேற்று தன் கையில் உடைந்த தட்டுபோல.

ரோமர் காசு வந்ததா என்று
டீ கொண்டுவரும்போதெல்லாம் கேட்டார் டென்சில்.

மூன்றாம் அடுக்கில் எலும்பு.
சின்ன விலாக்கள், வரிசை கலையாமல்.
பெட்ரோக் மண்டியிட்டு ஊதினான்.
தோல்பட்டை வந்தது.
துருவேறிய கொக்கி.
தகரத் தகட்டில் தொலைபேசி எண்.

டென்சில் குனியவே இல்லை.
நின்றபடி அந்த எண்ணைச் சொன்னார்,
கடைசி இலக்கம்வரை.
"போனை எப்போதும் அவள்தான் எடுப்பாள்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
அண்மைக்கால இடையூறு, ஆம் அல்லது இல்லை.
லவெடேயின் பென்சில்
அதன்மேல் நின்றது, நின்றது,
மழை தாளை நனைத்தது.

சலித்த மண்ணை வாளியில்
அவரே அள்ளினார்.
"மெதுவாப் போடுங்க,
தலை வேலிப் பக்கம்."

புல்லைப் பாய்போல் விரித்து மிதித்தோம்.
மிதிக்கவில்லை, உள்ளங்கையால் அழுத்தினோம்.

ஆழம் முப்பது.
காசு எதுவும் கிடைக்கவில்லை.
அடுத்த சனி, எட்டாம் குழி,
தபால் நிலையத்துக்குப் பின்னால்.
டென்சிலும் வருகிறாராம்,
சொந்தக் கரண்டியோடு.